வைக்கோல் மனிதனின் வக்கீல்

யால்ஷாவின் நற்குணங்களிலிருந்து தொடங்கலாம் என்றால் அவளிடம் அவை அதிகம் இல்லை. தெப்பத்துறையில் சீட்டுக் கொடுக்கும் வேலை. சீட்டைக் கையில் தரமாட்டாள், பலகைமேல் தள்ளிவிடுவாள். முரா ஆற்றில் மிதக்கும் மாவு மில்லைக் காட்டி, "இது எத்தனை வருஷப் பழசு?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், "என் வீட்டு அடுப்பைவிடப் புதுசு" என்பாள். அது உண்மைதான். ஆனால் அதைக் கேட்பதற்காக யாரும் எங்கள் ஊர் வெர்பிஷ்சாவுக்கு வருவதில்லை. மில், நாரைக் கூடுகள், தெப்பம் மூன்றையும் நம்பித்தான் எங்கள் நகராட்சி பிழைத்தது.

தெப்பத்தை ஓட்டியவர் அவள் கணவர் இம்ப்ரோ. தெப்பத்துக்கு எஞ்சின் கிடையாது. ஆற்றுக்கு மேலே கட்டிய கம்பிவடத்தில் பிணைந்தபடி, நீரோட்டம் தள்ளத் தள்ள அக்கரை போகும். வசந்தத்திலேயே வடம் நைந்திருப்பதாக இம்ப்ரோ நகராட்சித் தலைவர் வின்கோவிடம் சொன்னார். சீசன் முடியட்டும் என்றார் வின்கோ. சீசன் முடிந்தது. அக்டோபர் வெள்ளத்தில் வடம் அறுந்தது. தெப்பம் இரண்டு ஊர் தள்ளி வில்லோ மரங்களில் சிக்கிக் கிடந்தது. இம்ப்ரோ கிடைக்கவில்லை.

அன்று மதியம் வெயில் அடித்ததால் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டை அவர் துறைக் குடிசையிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார். உடல் இல்லாவிட்டால் அவருடைய பொருள் ஏதாவது ஒன்றைப் பெட்டியில் வைத்துப் புதைக்கலாம் என்று பாதிரியார் ஒத்துக்கொண்டார். கல்லறைத் தோட்டத்தில் வெள்ளம் வடிய வேண்டும். தவக்காலம் தொடங்கியதும் அடக்கம் என்று முடிவானது. யால்ஷா கோட்டுக்குப் பொத்தான் போட்டு, நாற்காலி முதுகில் மாட்டி வைத்தாள்.

தவக்காலத்துக்கு முன்பு எங்களுக்கு ஃபாஷ்னிக் உண்டு. ஃபாஷ்னிக் ஒரு வைக்கோல் மனிதன். ஊரில் அந்த வருஷம் நடந்த கெட்டதெல்லாம் அவன் தலையில் விழும். தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவனை விசாரித்து, கொளுத்தி, ஆற்றில் தள்ளுவோம். ஊர் யாரைப் பற்றி அதிகம் பேசியதோ அவருடைய உடையைத்தான் அவனுக்கு மாட்டுவார்கள். அந்தக் குளிர்காலத்தில் தெப்பத்தைத் தவிர வேறு பேச்சில்லை. தெப்பம் போனதால் ஆள் வரவில்லை, விடுதி பூட்டிக் கிடந்தது.

ஞாயிறு காலை மாட்டுக் கொம்பு வைத்த மர முகமூடிகள் நான்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தன. அந்த நாட்களில் முகமூடி கேட்பதை மறுக்கக் கூடாது. முகமூடி பேசாது. அதைப் பெயர் சொல்லியும் கூப்பிடக் கூடாது. ஒருவன் இடது காலைச் சாய்த்து நடந்தான். இம்ப்ரோவின் தம்பி பாவல் அப்படித்தான் நடப்பான்.

"பாவல், நீதானேடா? அது உங்க அண்ணன் கோட்டு."

முகமூடி இடுப்பு மணியை ஆட்டியது.

"சட்டைய எடுத்துக்கோ, தொப்பிய எடுத்துக்கோ. எல்லாத்தையும் துவைச்சுட்டேன்டா. அவரு வாசம் அதுல மட்டுந்தான் இருக்கு."

கோட்டு போய்விட்டது. மறுநாள் அவள் வின்கோவிடம் போனாள்.

"யால்ஷாக்கா, இதுல என்ன அவமானம்? போன வருஷம் என் தொப்பியத்தானே கொளுத்துனாங்க, நான் அழுதேனா?"

"உங்களுக்கு இன்னொரு தொப்பி இருந்துச்சு."

"சரி, நாளைக்கு விசாரணை இருக்குல்ல? ஜனங்க விடுதலைன்னு சொன்னா நானே மடிச்சுக் கொண்டுவந்து தர்றேன்."

அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. யாரும் விடுதலையானதாக ஊரில் எவருக்கும் நினைவில்லை. ஆனாலும் யால்ஷா விதியை நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை நகராட்சி வாசலில் கசாப்புக்காரர், தன் மனைவியின் இரவு அங்கியைப் போட்டுக்கொண்டு நீதிபதியாக உட்கார்ந்தார். ஆலங்கட்டி மழை, பன்றிக் காய்ச்சல், பாதிரியாரின் ஜலதோஷம், கடைசியில் தெப்பம் என்று குற்றங்களை வாசித்தார்.

"இந்தப் பயலுக்கு வக்கீல் யாராச்சும் உண்டா?"

வழக்கமாக ஒரு குடிகாரன் எழுந்து உளறுவான். அன்று கறுப்புத் தலைத்துணியோடு யால்ஷா மேடை ஏறினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது.

"வடம் நைஞ்சு போயிருந்துச்சு. ஏப்ரல்லயே சொன்னாரு."

"யார்கிட்ட?"

"வின்கோகிட்ட."

சிரிப்பு வெடித்தது. வின்கோ எழுந்து தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார்.

"அந்தாளு குடிச்சிருந்தானாமே!" என்று ஒரு குரல்.

"அவருக்கு வயித்துப்புண்ணு. பாலுதான் குடிப்பாரு."

ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். "பால் போதையா!" என்றான் ஒருவன்.

"சிரிக்காதீங்க," என்றாள். அன்றைக்கு அதற்குத்தான் பெரிய சிரிப்பு.

உண்மையை ஒளிக்க மெனக்கெட வேண்டியதில்லை என்று அன்று எனக்குத் தோன்றியது. அதற்கு ஒரு மேடையும் ஒரு பண்டிகையும் கொடுத்தால் போதும்.

"விடுதலையா, நெருப்பா?" என்றார் நீதிபதி.

"நெருப்பு!"

அவள் ஓடிப்போய்க் கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். இரண்டு கழன்றன. முகமூடிகள் அவளை அலுங்காமல் தூக்கி ஓரமாக வைத்தன. அதற்கும் கைதட்டல். வைக்கோல் சட்டென்று எரிந்தது. கம்பளி புகைந்து நாறியது. பாதி எரிந்த கோட்டைக் கழியால் ஆற்றில் தள்ளினார்கள்.

பாவல் முகமூடியைக் கழற்றிவிட்டு, ஒரு தட்டு நிறைய ஜாம் வைத்த க்ராஃப்னா பணியாரத்தோடு வந்தான்.

"செமையா பேசுனீங்க அண்ணி. பரிசு உங்களுக்குத்தான்."

மறு வருஷம் விழாக்குழு அவளையே வக்கீலாக இருக்கச் சொல்லிக் கேட்டது. ஒத்துக்கொண்டாள். யாருடைய உடையில் ஃபாஷ்னிக் உட்கார்ந்திருந்தாலும் அவள் பேசுவது இம்ப்ரோவின் வழக்கைத்தான். "யார்கிட்ட?" என்று நீதிபதி கேட்டால் குழந்தைகளே "வின்கோகிட்ட!" என்று கத்துகின்றன. வின்கோ குனிகிறார். புதுத் தெப்பம் ஓடுகிறது. அதைவிட அதிகமாக, அவளைப் பார்க்கத்தான் பேருந்துகள் வருகின்றன.

ஏன் போகிறாய் என்று யால்ஷாவிடம் கேட்டேன்.

"மத்த நாள்ல வாயத் திறந்தா எழுந்து போயிடுறாங்க. அன்னிக்கு நான் முடிக்கிற வரைக்கும் நிக்கிறாங்கல்ல?"

போன வருஷம் தீர்ப்பு நேரத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் தனியாக, "விடுதலை!" என்று கத்தினார். யால்ஷா அந்தப் பக்கம் திரும்பினாள், யாரென்று தேடினாள். பக்கத்தில் நின்றவர் அந்த மனிதரின் தோளில் கைபோட்டு, இதை எப்படி விளையாட வேண்டும் என்று விளக்கினார். அவர் மன்னிப்புக் கேட்டுச் சிரித்தார். பிறகு எல்லோரையும்விட உரக்க, "நெருப்பு!" என்றார்.