அமத்தினால் போகுது, விட்டால் நிக்குதில்லை

பழைய வான் ஓடாமல் நின்றால் ஆட்கள் பொறுத்திருப்பார்கள். நிற்காமல் ஓடினால்தான் மெக்கானிக்கை நினைப்பார்கள். தீவுப் பக்கம், சுருவிலில் நான் கராஜ் வைத்திருக்கிறேன். அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுத்ததும் எஞ்சினின் வேகத்தை இறக்குவது ஒரு சின்ன ஸ்பிரிங். எங்கள் உப்புக்காற்றுக்கு அது கறள் பிடித்து அறும். பழைய வானோடு அவதிப்படுகிற உங்களுக்கு நான் சொல்லவா வேணும்?

சைக்கிள் ரியூப்

சூசை அண்ணை புங்குடுதீவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு மீன் ஏற்றுகிறவர். ஒருநாள் கடலுக்கு நடுவே போகிற தாம்போதி ரோட்டில் வரும்போது, காலை எடுத்தும் வானின் வேகம் குறையவில்லை. எதிரே பஸ். மனிசன் பதறாமல் கிளச்சை மிதித்து, பிரேக்கை அமத்தி, திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டார். பஸ்ஸுக்கும் வானுக்கும் இடையில் ஒரு முழம்தான்.

நான் போய் எஞ்சினை மூடியிருக்கிற முன் சீற்றைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்று அறுந்து தொங்கியது. ஆர் கட்டினது என்று கேட்டேன். "நான்தான். இது ரண்டு வருசம் தாங்கினது. நீர் போட்ட ஸ்பிரிங் எட்டு மாசம்தான்."

தடித்த ஸ்பிரிங்

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்து வந்தது இறுப்பிட்டி மலர் அக்காவின் வான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவ. இனி இது அறுந்துபோகக் கூடாது என்று, லொறியில் கழற்றிய தடித்த ஸ்பிரிங்கைக் கொழுவிவிட்டேன்.

நாலாம் நாள் அக்கா வலது காலை இழுத்து இழுத்து வந்தா. மிதி அவ்வளவு இறுக்கமாம். மெல்லிசாய் ஒன்று மாற்றிக் கொடுத்தேன். "வானைத்தான் திருத்தச் சொன்னனான் தம்பி. என்ர கால் நல்லாத்தான் இருந்தது."

கூட்டு, குறை

எங்கள் ஊர் ரூபன் ஒருநாள் தன் வானில் மனைவி சாந்தியைப் பிரசவ நோவோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். என் கராஜுக்குக் கிட்ட வர, மிதித்தாலும் வான் இழுக்கவில்லை. மிதியையும் எஞ்சினையும் இணைக்கிற கம்பியின் மூட்டுத் தேய்ந்து கழன்றிருந்தது. இரண்டு தரம் கட்டுக்கம்பியால் கட்டினேன்; இரண்டு தரமும் வழுகியது. அம்புலன்சுக்குச் சொல்லியும் வரச் சுணங்கும் என்றார்கள். பின்னால் சாந்தியின் முனகல்.

"நீ ஸ்ரியறிங்கைப் பிடி" என்று ரூபனிடம் சொல்லி, அவனுக்குப் பக்கத்துச் சீற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, எஞ்சினுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். அவன் "கூட்டுங்கோ" என்றால் கம்பியை இழுப்பேன். "குறையுங்கோ" என்றால் விடுவேன். சூட்டில் விரல் கொப்பளித்தது. உள்ளே பயம்தான், ஆனால் கை பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் கம்பியை விட்டேன்.

அரை மணித்தியாலத்தில் பெண்பிள்ளை. அடுத்தநாள் பார்க்கப் போனேன். சாந்தி கட்டுப் போட்ட என் விரலைப் பார்த்தாள். "பிள்ளை பெறேக்க எனக்குப் பயமில்லை அண்ணை. நீங்கள் இழுத்த இழுவைக்குத்தான் பயந்தனான்."

ஒழுங்காய் ஓடினால் வான் நல்ல வான், பிழைச்சால் மெக்கானிக் சரியில்லை என்கிற ஊரில் நான் இன்னும் தொழில் செய்கிறேன்.