பன்னிரண்டு வருடம் பள்ளியில் இருந்த பெண்கள்

1. கணக்கு

செல்வியின் வேலை போனதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எழுதுவது சுலபம்.

புள்ளியியல் துறையில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்று, போளூரில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சென்னை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று கூப்பிட்டது. நம் நாட்டையும் வியட்நாமையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஐம்பது வருடம் கழித்து இரண்டிலும் ஜனத்தொகை எவ்வளவு, அதில் யார் எதுவரை படித்திருப்பார்கள் என்று கணிக்கும் வேலை. ஒரு பெண் எதுவரை படித்திருக்கிறாள் என்பதைப் பொறுத்து அவள் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அந்தப் பிள்ளைகளின் படிப்பும் மாறும். அதனால் இன்றைக்கு ஒருத்தியின் படிப்பைத் தப்பாக எழுதினால், அவள் பேரப்பிள்ளை வரைக்கும் கணக்கு தப்பு. இதற்காகச் சில ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ஜவ்வாது மலைக்கு நான் சூப்பர்வைசர்.

மலைக் கிராமங்களில் கேட்டு எழுதியவள் செல்வி. சந்தவாசல்காரி. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு போளூர் துணிக்கடையில் புடவை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இந்த வேலையை முழுதாக முடித்தால் அனுபவச் சான்று கிடைக்கும், அதை வைத்து நிறுவனத்தின் நிரந்தர வேலைக்கு மனுப் போடலாம் என்று அதையே நம்பியிருந்தாள். பஸ் இல்லாத ஊர்களுக்கெல்லாம் நடந்தே போனாள்.

2. சந்தேகம்

நான் பிறவிச் சந்தேகக்காரன். மரத்தடியில் உட்கார்ந்து ஒரு ஊரையே எழுதி முடித்த ஆட்களை என் சர்வீஸில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். ஷெட்யூல் என்கிற கேள்விப் படிவம் எல்லாவற்றிலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே பதில் என்றால் எனக்கு மூக்கு வியர்த்துவிடும்.

ஒருநாள் எக்ஸெல் ஷீட்டில் மலைமேல் ஒரு ஊரைப் பார்த்தேன். இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் நாற்பத்தொரு பெண்கள். இருபத்தாறு பேருக்குப் பன்னிரண்டு வருடப் படிப்பு. அதாவது பிளஸ் டூ. அந்த ஊரில் இருப்பதோ எட்டாவது வரைக்குமான உண்டு உறைவிடப் பள்ளி. மேலே படிக்க வேண்டுமானால் காடு தாண்டிப் போக வேண்டும்.

சென்னையிலிருந்த புராஜெக்ட் மேடத்துக்கு அன்று ஒரே சந்தோஷம். படிப்பு கிராஃபில் நம் நாட்டுக் கோடு வியட்நாமின் கோட்டைத் தாண்டி மேலே போகிறதாம். அந்தச் சந்தோஷத்தின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. செல்வி வீட்டிலிருந்தே நிரப்பிவிட்டாள், உடனே நிறுத்துங்கள் என்று மெயில் அனுப்பிவிட்டேன். முந்திரிக்கொட்டை வேலை. அதன்பிறகுதான் அதே வீடுகளில் மறுபடி கேட்டுச் சரிபார்க்கும் பேக் செக்குக்காக மலைக்குப் பஸ் ஏறினேன். ஜமுனாமரத்தூரில் இறங்குமுன்பே அவளை நிறுத்திவிட்டதாக மேடத்திடமிருந்து பதில் வந்துவிட்டது. சரியாகத்தான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

3. பேக் செக்

முதல் வீட்டில் ராணி என்கிற பெண் புளி தட்டிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ எந்த ஊரில் படித்தாய் என்று போலீஸ்காரன் மாதிரி கேட்டேன்.

"பிளஸ் டூவா? நான் எட்டாவதுதான் சார்."

பிடித்துவிட்டேன் என்று ஷெட்யூலை நீட்டினேன். பின்னே இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது?

"அந்தப் பொண்ணு எத்தினி வருசம் ஸ்கூல்ல இருந்தேன்னு கேட்டுச்சு. பன்னெண்டு வருசம் இருந்தேன்னு சொன்னேன். அம்மா அப்பா காப்பி எஸ்டேட்டுக்குப் போய்ட்டா மாசக்கணக்குல வூடு பூட்டித்தான் கெடக்கும். தங்கச்சியும் தம்பியும் ஹாஸ்டல்ல கீறாங்க. அதுங்கள வுட்டுட்டு நான் எங்க சார் போறது? சமையலுக்கு ஒத்தாச பண்ணிக்கினு நாலு வருசம் அங்கயே இருந்தேன்."

அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டிலும். அங்கே மூத்த பெண்கள் இப்படித்தான். படிப்பு முடிந்தாலும் கடைசித் தம்பி வெளியே வரும்வரை ஹாஸ்டலை விட்டு வருவதில்லை.

எங்கள் பழைய பாரத்தில் "எந்த வகுப்பு முடித்தீர்கள்" என்றுதான் இருந்தது. வியட்நாம் குழு வருடக் கணக்கில் கேட்டிருந்தது. இரண்டு நாட்டையும் ஒப்பிட ஒரே கேள்வி வேண்டும் என்றபோது, எங்கள் கேள்வியை அடித்துவிட்டு "எத்தனை வருடம் பள்ளியில் இருந்தீர்கள்" என்று தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். பன்னிரண்டு என்று வந்தால் கம்ப்யூட்டர் அதைப் பிளஸ் டூவாக மாற்றிக்கொள்ளும். அதற்கும் ஒப்புதல் கொடுத்தவன் நானே.

ராணியின் ஷெட்யூலை முழுதாகப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் ரிமார்க்ஸ் கட்டம். "நான்கு வருடம் தம்பி தங்கைக்காக ஹாஸ்டலில் இருந்தது. படிப்பு எட்டாவது" என்று செல்வி எழுதியிருந்தாள். இருபத்தாறு ஷெட்யூலிலும் எழுதியிருந்தாள். ரிமார்க்ஸை எக்ஸெலில் ஏற்றமாட்டார்கள். காகிதத்தை நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

தப்பு என்னுடையது என்று அன்றே மேடத்துக்கு எழுதினேன். கேள்வி மாறியது, நம் கோடும் கீழே இறங்கியது. செல்வியைத் திரும்ப எடுக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். வேறு ஆள் போட்டாகிவிட்டது, பாதியில் நின்றவருக்குச் சான்று கொடுக்க விதி இல்லை என்றார்கள்.

துணிக்கடைக்கே போய்ச் சொன்னேன். புடவையை மடித்தபடி கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை.

"என் மேல சந்தேகப்பட்டு அம்மாந்தூரம் மலை ஏறுனீங்க சார். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"



இப்போது சூப்பர்வைசராக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வேன்: சந்தேகப்படுங்கள், அது இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. ஆனால் கேள்வியை எழுதியவனை முதலில் சந்தேகப்படுங்கள். மெயில் அனுப்புவதற்கு முன்னால் சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். செல்வியின் நம்பர் அன்றைக்கும் என் போனில் இருந்தது.