நாவலுக்காகச் சமைத்த விருந்து

திருவனந்தபுரத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்ததும் கையில் கொடுப்பது சிவப்புத் தண்ணீர். பதிமுகம் என்ற மரத்தின் சிராய்களைப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய வெறும் தண்ணீர்தான். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்பார்கள். என் மகள் வயதுக்கும் அதிகமான காலமாக நானும் இதைத்தான் குடிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் என் வீட்டுப் பானையிலும் இதுதான் இருக்கும். ஆனாலும் விளக்கு வைத்தபின் யாராவது கண்ணாடித் தம்ளரில் இதை நீட்டினால், வாங்குமுன் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. போன மாதத்திலிருந்து அந்தத் தயக்கம் கூடியிருக்கிறது. பாளையங்கோட்டைப் பக்கமிருந்து மலையாளச் சீமைக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கும், ஊரிலிருந்துகொண்டு இங்கே பெண் கொடுக்க யோசிக்கிறவர்களுக்கும் என் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டுச் சாரதாம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இலைக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் சிவப்பாக ஒரு தம்ளர். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் மது தொட்டதில்லை. சபையில் கை தூக்கி உறுதி சொன்ன குடும்பம். நான் உறைந்துபோனேன். "தாகத்தினு நல்லதாணு, குடிக்கு மோளே" என்று அவள் உபசரிக்க உபசரிக்க எனக்கு வேர்த்தது. கை கழுவப் போகும் சாக்கில் தம்ளரை எடுத்துக்கொண்டுபோய் வாழை மூட்டில் ஊற்றினேன். சாரதாம்மா அதைப் பார்த்துவிட்டாள். தன் வீட்டுத் தண்ணீர் எனக்கு ஆகாது என்று நான் நினைப்பதாக அவள் எடுத்துக்கொண்டாள். பல மாதம் எங்களுக்குள் பேச்சில்லை. விஷயம் தெரிந்தபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் வெட்கத்தோடு சிரித்தேன். அன்றிலிருந்து சிவப்பாக எதைக் கண்டாலும் தண்ணீர்தான் என்று நம்பப் பழகிக்கொண்டேன்.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. என் கணவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதினார். மாலையில் வந்ததும் தன் கூஜாவிலிருந்து தம்ளரில் ஊற்றிச் சிறிது சிறிதாகக் குடிப்பார். சிவப்பாகத்தான் இருக்கும். மேலெல்லாம் கற்பூரவல்லித் தைல மணம். அதற்குக் கடைத்தெருத் தூசியைக் காரணம் சொல்வார். முதலில் தண்ணீரைச் சாராயம் என்று நினைத்தவள், பிறகு சாராயத்தைத் தண்ணீர் என்று நினைத்து வருஷக்கணக்கில் குடித்தனம் செய்திருக்கிறேன். அவர் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிப் படுத்தபிறகுதான், குடியால் வந்தது என்று வைத்தியர் சொன்னார். அவருடைய தாயாருக்கும் தமக்கைகளுக்கும் கல்யாணத்துக்கு முன்பே தெரியுமாம். பெண் பார்க்க வந்த அன்று என் அண்ணன் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டிருந்தார். "தொடவே மாட்டான்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். அவர் இறந்தபோது என் மகள் கிரேஸுக்கு விவரம் தெரியாத வயது. அவளிடம் காமாலை என்று மட்டும் சொல்லி வளர்த்தேன்.

கிரேஸ் இப்போது கல்லூரி முடிக்கப் போகிறாள். என்னிடம் தமிழ் பேசுவாள்; கோபம் வந்தால் மலையாளம்; படிப்பதெல்லாம் இங்கிலீஷ் நாவல். அவளும் அவள் சிநேகிதிகளும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு நாவலை எல்லாரும் படித்து முடித்ததும், அதில் வருகிறவர்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை ஒருத்தி தன் வீட்டில் சமைக்க வேண்டும். அதைச் சாப்பிட்டுக்கொண்டே கதையைப் பேசுவார்கள். நாவலைப் பாதி நாக்கால்தான் படிக்க வேண்டுமாம். பிறந்த ஊரில் நாங்கள் கதைப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்தோம். இவள் அதைத் திறந்து அடுப்பங்கரையில் அம்மிமேல் வைத்துக்கொள்கிறாள்.

அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் ஞானராஜ். மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பம். வித்துராவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா. அண்ணன் அதே முதல் கேள்வியைக் கேட்டார். பையனின் தாயாரும் அதே பதிலைச் சொன்னாள். பாளையங்கோட்டைப் பக்கத்து எங்கள் ஊர்ச் சபைக் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதாக இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை பெயரைச் சொல்லி வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று பாதிரி ஐயர் கேட்பார். முதல் ஓலைக்கு முந்திய வாரம் ஞானராஜ் சாமான் வாங்க மலையிலிருந்து இறங்கி வருவதாகச் சொல்லியனுப்பினான். "சனியாழ்ச்சை இங்க சாப்பிடட்டும். நானாக்கும் சமையல்" என்றாள் கிரேஸ். நான் கூடவே இருப்பேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன்.

நாவலின் பெயர் இங்கே வேண்டாம். அதில் ஒருத்தி தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு இராச்சாப்பாடு சமைக்கிறாள்: முழுக்கோழி, வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கு, புதினாத் துவையல் போல ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் காக்டெய்ல். கிரேஸ் கோழியை உருளியில் வைத்து மூடி, மூடிமேல் தணல் பரப்பி வேகவைத்தாள். அதுவரை எனக்கு ஆட்சேபமில்லை. காக்டெய்ல் என்றால் பலதைக் கலந்த மதுபானம் என்று கேட்டதும் மறித்தேன்.

"இதுல என்ன உண்டு அம்மா? வைத்தியசாலை திராட்சாரிஷ்டம், இஞ்சிச்சாறு, நாரங்கா, கோலி சோடா. நான் பிறந்தப்ப நீ குப்பி குப்பியா குடிச்சதுதானே."

"அது மருந்து."

"குப்பிலேந்து கிளாஸுக்கு மாத்துனா சாராயம் ஆயிடுமா? அம்மாக்கு வெறுதே பேடி."

எனக்கு வீண் பயம் என்கிறாள். கண்ணாடித் தம்ளரில் அது சிவப்பாக நுரைத்து நின்றது. நான் அதைப் பார்க்காமல் உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

ஞானராஜ் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவன், நன்றாகத் தலை குனிந்துதான் நிலையைத் தாண்டினான். கிரேஸ் நாவலிலிருந்து அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே தம்ளரை நீட்டினாள். அவன் ஒரு வாய் குடித்தான், கீழே வைத்தான், சிரித்தான்.

"நல்லா இருக்கு. ஆனா இது காக்டெய்ல் இல்ல, கேட்டியளா. இஞ்சி கூடிப்போச்சு. இதுல ஜின்னு சேக்கணும், கைப்பு ரெண்டு சொட்டு விடணும். ஐஸ் போட்டு மூடிக் குலுக்கணும்."

அவன் தப்பித்துக்கொள்ள நானே வழி காட்டினேன். "தொரை பங்களாவில் பட்லர் செய்யறதைப் பார்த்திருப்பீங்க."

"இல்ல மாமி. குடிச்சிருக்கேன். சனிக்கிழமை கணக்கு முடிச்சா தொரை ஒரு கிளாஸ் தருவாரு. மலையில குளிரு வேற. ரெண்டாவது நான் வாங்கறதில்ல." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "அம்மை உங்ககிட்ட வேற சொல்லியிருப்பா. நான் சொல்லச் சொன்னது இதுதான்."

அவன் கோழியைச் சாப்பிட்டான். "எரிவு கொஞ்சங்கூட இல்லாம கோழியும் தொரை ஆயிட்டே" என்று அவன் சொன்னபோது கிரேஸ் சிரித்தாள். அவன் தம்பானூரில் தங்கும் இடத்துக்குப் புறப்பட்டுப் போனதும், கதவைச் சாத்துமுன்பே, "இது நடக்காது" என்றேன்.

கிரேஸ் பாத்திரங்களை ஒதுக்கியபடியே சொன்னாள். "நாவல்ல அவளும் இப்படித்தான் கிளாஸை நீட்டுவா. அவன் மோந்து பாத்துட்டு, இதெல்லாம் நமக்குப் பழக்கமே இல்லேன்னுவான். அவ நம்பிக் கட்டிக்குவா. அதுக்குத்தான் இந்தச் சாப்பாட்டை வச்சேன்."

"சோதிச்சியா?"

"ஆமா. இவன் பொய் சொல்லியிருந்தா நானே வேண்டாம்னிருப்பேன்." கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அப்பாக்கு என்ன சுகக்கேடுன்னு எனக்குத் தெரியும் அம்மா. சாரதாம்மா சொல்லல. எனக்காத் தெரிஞ்சது. நீ காமாலைன்னு சொல்றப்பல்லாம் உன் கை தம்ளரைத் தள்ளி வைக்கும்."

அந்த வார்த்தையிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. குடிக்கிறவனைக் கட்டி அழிந்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்னை அழித்தது குடியா, எல்லாரும் சேர்ந்து மறைத்ததா என்று என் மகள் கேட்காமல் கேட்டாள். ஒரு கிளாஸ் இரண்டாகாது என்பதற்கு யார் ஜாமீன்? அந்தப் பயம் எனக்கு நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் மூடிய கூஜாவோடு குடித்தனம் செய்தவளுக்கு, திறந்துவைத்த கிளாஸைப் பார்த்து எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ஓலைக்கு முந்தின நாள் நாகர்கோவில் வழியாக ஊருக்குப் பஸ் ஏறினேன். வழிக்கு வழக்கம்போல ஒரு கூஜா சிவப்புத் தண்ணீர். ஆரல்வாய்மொழி தாண்டி எல்லை மதுவிலக்குச் சாவடியில் காவல்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "குடிக்கிற தண்ணிதான்" என்றேன். என் வெள்ளைச் சேலையையும் கூஜாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நம்பாமலேயே விட்டார்.

அண்ணன் வீட்டில் வெயிலோடு போய் இறங்கினேன். கண்ணாடித் தம்ளரை வாங்கிக் கூஜாவில் மிச்சமிருந்ததை ஊற்றினேன். ஊருக்கு வந்தால் முதல் நாள் கிணற்றுத் தண்ணீர் எனக்குப் பச்சையாகத் தெரியும், தொண்டை ஏற்காது.

"ஏளா, என்னது இது?" என்றார் அண்ணன்.

"பதிமுகத் தண்ணி, அண்ணே."

"இந்த ஊருத் தண்ணி உனக்கு ஆகாமப் போச்சாக்கும்." பிறகு, "பையன் எப்படி? குடி கிடி இல்லல்லா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாள் ஓலை வாசித்துவிடுவார்கள். அண்ணன் முன்வரிசையில் நிற்பார். என் மாமியார் வீட்டார் அன்று செய்ததை நான் இன்று செய்திருப்பேன்.

"உண்டு அண்ணே. சனிக்கிழமை ஒரு கிளாஸ். அவனே என் முகத்தைப் பாத்துச் சொன்னான். உங்க மருமவ அவனத்தான் கட்டுவேங்கா. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனாலும் நான் தடுக்கல."

"மலையாளத்துத் தண்ணி உன்னயும் மாத்திட்டு" என்றார் அண்ணன். "ஓலை வாசிக்கட்டும். நான் எந்திரிச்சுத் தடை சொல்லமாட்டேன். ஆனா நாளைக்குக் கோயிலுக்கு வரமாட்டேன்."

எழுந்துவந்து என் முன்னாலிருந்த தம்ளரை எடுத்தார். முற்றத்தில் சாய்த்தார். கழுவாமல், தங்கள் பானையிலிருந்து மொண்டு நிறைத்து, மறுபடியும் என் முன்னால் வைத்தார். அவர் அதைக் கோபத்தில் செய்தாரா, தாகத்தோடு இருக்கிறாளே என்று செய்தாரா, எனக்கு விளங்கவில்லை. அடியில் நின்றுபோன பழைய சொட்டுகள் மெல்ல மேலே கிளம்பிக் கலந்தன. எங்கள் கிணற்றுத் தண்ணீராகவும் இல்லை, அந்த ஊர்த் தண்ணீராகவும் இல்லை. வெளுத்த ரோஜா நிறத்தில் ஏதோ ஒன்று. இந்தத் தடவை கை தயங்கவில்லை. எடுத்து முழுவதையும் குடித்தேன்.