பழைய அட்ரஸ்தானுங்களே

சரவணம்பட்டியில், வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் கம்பெனியில் போன் எடுப்பது என் வேலை. கம்ப்யூட்டரில் ஊர்ப் பெயரை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்போம். அதில் உக்கடம் இரண்டு முறை இருந்தது. கண்ணை உறுத்துகிறதே என்று ஒன்றை நீக்கிவிட்டேன்.

மறுநாள் உக்கடத்துப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். பல வருட வாடிக்கை. மனைவிக்கு மூச்சுத் திணறல், சிலிண்டர் தீரப்போகிறது என்றார்.

"பழைய அட்ரஸ்தானுங்களே?"

"அதேதானுங்க அம்மணி."

திரையைச் சரியாகப் பார்க்காமல் வண்டியை அனுப்பினேன். அவருடைய விவரம் நான் நீக்கிய உக்கடத்தோடு இணைந்திருந்தது. அது போனதும், காலியான இடத்தில் பட்டியலின் முதல் ஊர் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. ஆனைமலை. அவர் இருப்பது மாரியம்மன் கோயில் வீதி; அது எந்த ஊரில்தான் இல்லை? டிரைவருக்கும் சந்தேகம் வரவில்லை.

பெரியவர் மறுபடி கூப்பிட்டபோது வண்டி பொள்ளாச்சியைத் தாண்டியிருந்தது. தொந்தரவு செய்யக் கூடாதென்று அவ்வளவு நேரம் பொறுத்திருக்கிறார். "ஏனுங்க, வண்டி எங்க வருதுங்க?"

அப்போதுதான் ஊரைப் பார்த்தேன். வேறு வண்டியை விரட்டினேன். அது உக்கடம் போய்ச் சேர்வதற்குள் அவரே கூப்பிட்டார்.

"இனி வேண்டாமுங்க அம்மணி. வண்டியைத் திருப்பிக்கச் சொல்லுங்க. வேற யாருக்காச்சும் ஆகும்."

இப்போது யார் கூப்பிட்டாலும் ஊர்ப் பெயரை வாயால் சொல்லச் சொல்கிறேன். "இத்தனை வருசமா வாங்கறோம், தெரியாதுங்களா?" என்று சிலர் கடிந்துகொள்கிறார்கள்.

தெரியும். இருந்தாலும் சொல்லச் சொல்கிறேன்.