இடது பக்கம் ஏன் இழுத்தது?

எங்கள் விமானம் பறக்கவே இல்லை. ஓடியது, இடது பக்கம் இழுத்தது, இறக்கை தரையில் உரசிக் குப்புறக் கவிழ்ந்தது. மொத்தமே நாலு நொடி. ரிமோட்டில் ஓட்டுகிற குட்டி விமானம்தான். ஆனால் ஒரு போட்டிக்காக எங்கள் கல்லூரிக் குழு செய்த நாலு மாத வேலை. பக்கத்திலேயே விமானத்தளம் இருப்பதால் தாம்பரத்தில் எதையும் பறக்கவிட முடியாது. இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் வண்டலூர் தாண்டி, அனுமதி வாங்கிய ஒரு மைதானத்துக்குப் போயிருந்தோம்.

ஓட்டியவள் பம்மலிலிருந்து வரும் என் வகுப்புத் தோழி. குழுவில் ஒரே பைலட் அவள்தான்.

"சார், ஸ்டிக்க ஃபுல்லா ரைட்லதான் வெச்சேன். கேக்கவே இல்ல சார்."

"பயந்துட்டம்மா நீ. போட்டிக்கு வேற பையன் யாராச்சும் ஓட்டட்டும்" என்றார் எங்கள் குழுவுக்குப் பொறுப்பான சார்.

அவள் ரிமோட்டின் வாரைக் கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினாள். "சிமுலேட்டர்ல நூறு வாட்டி தூக்கிருக்கேன்டா. இன்னிக்கு மட்டும் இன்னா ஆச்சு?"

எனக்கும் அதே குடைச்சல்தான். உடைந்த விமானத்தை இரும்புலியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குத் தூக்கி வந்து, செல்போன் வீடியோவை ஸ்லோவாக ஓட்டினேன். வாலில் இருக்கும் சுக்கான் வலது பக்கம் முழுசாகத் திரும்பியிருந்தது. அவள் சொன்னது உண்மை. அப்போ காற்றா? வீடியோவில் ஓரத்துப் புல்கூட அசையவில்லை. கடைசியில் சக்கரங்களை விரலால் சுண்டிப் பார்த்தேன். வலது சக்கரம் பம்பரமாய்ச் சுற்றியது. இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றுவிட்டது. சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவே என்னவோ சிக்கியிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தேன்.

எலுமிச்சை விதை.

சத்தம் போட்டுச் சிரிக்க வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். காலையில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். புது வண்டிக்கு எல்லோரும் செய்வதுதானே! "டேய், இது இன்னா புல்லட்டா?" என்று அவள் கிண்டலடிக்கக்கூடச் செய்தாள். ரெண்டு கிலோ விமானம் ஏறியதில் பழம் நசுங்கவில்லை. சகுனம் கெடக்கூடாது என்று இறக்கையைப் பிடித்து நானே அழுத்தி நசுக்கினேன்.

மறுநாள் விதையைச் சாரின் மேசையில் வைத்தேன்.

"இன்னாப்பா இது?"

"ஆக்சிடென்ட் காரணம் சார். அவ மேல தப்பே இல்ல. பழம் வெச்சது நான்."

சார் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். சக்கரத்தைச் சுண்டினார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "ரிமோட்ட அவகிட்டயே குடு."

விமானத்தின் உடைந்த மூக்கை ஒட்டி, புது விசிறி மாட்டி, அடுத்த வாரம் அதே மைதானம். அவள் குனிந்து இரண்டு சக்கரங்களையும் சுண்டினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பாக்கெட்ட காட்டு."

இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினேன். அதற்கப்புறம்தான் மோட்டாரையே முடுக்கினாள். இந்த முறை விமானம் நேராக ஓடி, தரையை விட்டது.