மிஞ்சித் தின்பதற்கு ஒரு வார்த்தை

பெருங்கடவிளைப் பக்கத்துக் கல்யாணங்களில் இலை இலையாகப் பாயசம் விளம்புவது என் வேலை. தொண்ணூறுகளில், ரிட்டயர்டான ஒரு இங்கிலீஷ் சார் பந்திக்கு வருவார். ஒல்லியான மனிதர். வலது காலில் இரண்டு விரல் கிடையாது. சர்க்கரை வியாதியில் எடுத்தது. யாராவது மிஞ்சித் தின்றால், பழைய இங்கிலீஷில் ஆளுக்கொரு வார்த்தை சொல்வார். திட்டு வாங்கியவனுக்குப் பட்டம் கிடைத்த சந்தோஷம் வரும்.

ஒரு நாள் பாயசத்தில் பிசைய இலையில் போளியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "மக்கா, ஊத்து" என்றார். எதிர் வரிசையில் இருந்து அவர் மனைவி வேண்டாமென்று கையசைத்தார்.

"அம்மா பாக்கியாவ, சாரே. மிச்ச விரலும் போவும்."

"எலே, இங்கிலாந்துல ஒரு ராசா மிஞ்சி மீனு தின்னே செத்தான். அந்தத் தீனிக்குப் பேரு சர்ஃபிட்டாக்கும்."

"சாருக்கும் அந்தப் பேரு வேணுமா?"

"ஒரு கரண்டி போதும், மக்கா."

சார் கேட்டால் மறுத்து எனக்குப் பழக்கமில்லை. ஊற்றினேன்.

அந்த அம்மா எழுந்து வந்தார். சாரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இலையைத் தன் பக்கம் இழுத்தார். போளியையும் பாயசத்தையும் பிசைந்து முழுவதையும் தானே தின்றார். பந்தியே பார்த்தது.

சார் மெதுவாக, அதுவரை நான் கேட்டிராத ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னார். அந்த வயதிலும் அந்த அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ பந்தியில் அவரைப் பார்த்தேன். அந்த வார்த்தையை அவர் வேறு யாருக்கும் சொல்லவில்லை.