உருளைக்கிழங்கு முத்திரை

முட்டாள்கள் தினத்தை முதலில் யார் ஆரம்பித்தது என்று எங்கள் வீட்டில் வருஷா வருஷம் சண்டை. பிரான்ஸ் தேசத்தில் புத்தாண்டை ஜனவரிக்கு மாற்றினார்களாம், விஷயம் தெரியாமல் ஏப்ரலிலேயே கொண்டாடியவர்களைக் கேலி செய்தார்களாம் என்பது என் கணவரின் கட்சி. நம் ஹோலிதான் கப்பலேறிப் போய் அப்படி ஆயிற்று என்பது என் தம்பியின் கட்சி. படித்தவர்களுக்கே நிச்சயமாகத் தெரியாதாம். எனக்குத் தெரியும். வேலைவெட்டி இல்லாத ஆண்பிள்ளை எவனோ தொடங்கியதுதான். இல்லாவிட்டால், குழம்புக்கு வாங்கி வைத்த உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கி, ‘ஏப்ரல் ஃபூல்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஏ.எஃப்.’ என்று செதுக்கி, பேனா மையில் தோய்த்து, கட்டிய பெண்டாட்டியின் முதுகில் குத்துவாரா ஒரு மனிதர்? பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டை அறுபது வயதுக்கு மேலும் விடவில்லை. எத்தனை ரவிக்கை பாழ்!

இந்த வருஷம் பிப்ரவரியில் அவருக்கு இதய ஆபரேஷன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் வீட்டுக்கு வந்தவர் வாயையே திறக்கவில்லை. எது கேட்டாலும் ஒரு ‘ம்’. மாலையில் குளக்கரை வரை நடந்துவிட்டு வரலாம் என்றால் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். இப்படியே இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

ஏப்ரல் முதல் தேதி காலையில் வேண்டுமென்றே உருளைக்கிழங்கை அவர் கண்ணெதிரே வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ம்ஹும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நானே கத்தியை எடுத்துச் செதுக்கினேன். குளித்துவிட்டு வெள்ளை ஜிப்பாவில் வந்தவரின் முதுகில் வைத்து அழுத்தினேன்.

ஜிப்பாவைக் கழற்றி விரித்துப் பார்த்தார். இரண்டாவது எழுத்து இடவலம் மாறித் திரும்பிக்கொண்டு நின்றது.

“ஏண்டி, எழுத்தைத் திருப்பிப் போட்டுன்னா வெட்டணும்? இத்தனை வருஷமா பாத்துண்டிருக்கே, இது தெரியாதா?”

“குத்து வாங்கினவளுக்கு வெட்டறது எப்படித் தெரியும்?” என்றேன்.

அவ்வளவுதான். சிரிக்க ஆரம்பித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பதறிப்போய் ஓடினேன்.

“ஒண்ணுமில்லைடி. உன்னோட பேசினா சிரிப்பு வந்துடும். சிரிச்சா தையல் பிரிஞ்சுடுமோன்னுதான் இத்தனை நாளா...”

“அட ராமா! இதைச் சொல்லித் தொலைக்கப்படாதோ?” என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்து இன்னும் சிரித்தார். தையல் ஒன்றும் பிரியவில்லை.